ஃபிராங்க் செல்வியின் 100 புள்ளிகள் (1954): மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் இது எப்படி?

நடுக்கோடு:

1954 பிப்ரவரி 13 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் ஃபர்மன் கல்லூரிக்காக ஆடிய ஃபிராங்க் செல்வி ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். எதிரணி நியூபெரி கல்லூரி, முடிவு 149-95. (பெயரைத் தமிழில் எழுதினால் நம் ஊர்ப் பெண் பெயர் போலத்தான் நிற்கிறது. உச்சரிப்பு அதுதான், வேறு மாதிரி எழுத வழியில்லை. ஆள் கென்டக்கி மாநிலம் கார்பின் ஊர்க்காரர், 1932இல் பிறந்தவர்.)

மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போடும் கூடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் முழுமைக்கும் வந்தது 1986-87இல். ஷாட் கிளாக் (குறிப்பிட்ட விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு வீசியாக வேண்டும் என்ற கடிகாரம்) அதற்கு முந்தைய ஆண்டு. இரண்டும் இல்லாமல் 40 நிமிடத்தில் ஒரு தனி ஆள் 100 எடுக்க வேண்டுமென்றால் எத்தனை முறை பந்து அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்? அன்றைய விதிகளில் அதற்கு உதவிய ஏதாவது இருந்ததா? அதே மாதத்தில் இன்னொரு கல்லூரி வீரரான பெவோ ஃபிரான்சிஸ் 113 எடுத்திருக்கும்போது சாதனைப் பட்டியலில் செல்வி பெயர் ஏன் தனியாக நிற்கிறது? கல்லூரியில் இப்படி ஆடியவர் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஏன் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்கோர்ஷீட்:

முதலில் எண்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். களத்திலிருந்து 66 ஷாட் (கூடையை நோக்கிய வீச்சு), அதில் 41 கூடை. ஃப்ரீ த்ரோ (எதிரணி செய்யும் ஃபவுலுக்கு, அதாவது விதிமீறலுக்கு, கோட்டில் நின்று தடையில்லாமல் போடக் கிடைக்கும் வீச்சு) 22, அதில் 18. கூடைக்கு இரண்டு வீதம் 82-ம், ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று வீதம் 18-ம் சேர்ந்து 100.

40 நிமிடத்தில் 66 ஷாட் என்றால் சராசரியாக 36 விநாடிக்கு ஒன்று. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் ஒரு அணி முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய இவ்வளவு ஷாட்தான் எடுக்கும். ஷாட் கிளாக் இல்லை என்றதும் அந்தக் கால ஆட்டம் மெதுவானது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஷாட் கிளாக் இல்லாததால் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்த முடியும் என்பது சரி. ஆனால் வேகமாக ஆட விரும்பும் அணியை எந்த விதியும் தடுக்கவில்லை. ஃபர்மன் அப்படிப்பட்ட அணி. பயிற்சியாளர் லைல்ஸ் அலி பந்து கிடைத்த உடனே முன்னால் ஓடச் சொல்பவர். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 91.7 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார்கள்.

அந்த இரவு இரு அணிகளும் சேர்ந்து 244 புள்ளி. ஒருமுறை பந்து கைக்கு வந்தால் சராசரியாக ஒரு புள்ளி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், பந்து 10 விநாடிக்கு ஒருமுறை கைமாறியிருக்க வேண்டும். நியூபெரி 95 எடுத்தது இங்கே முக்கியம். தோற்கும் அணி பந்தைப் பிடித்து வைத்து ஆட்டத்தைச் சுருக்கியிருந்தால் செல்விக்கு 66 ஷாட் கிடைத்தே இருக்காது. அவர்களும் ஓடினார்கள், அதனால் பந்து திரும்பத் திரும்ப ஃபர்மனிடம் வந்துகொண்டே இருந்தது.

பகுதி வாரியாக: 24, 13, 25, 38. இடைவேளையில் 37-தான். பாதி ஆட்டத்தில் 37 எடுத்தவரை 100 வரை கொண்டுபோனது கடைசிப் பத்து நிமிடம். அந்த நான்காவது பகுதியின் 38தான் இந்தச் சாதனையின் உண்மையான மையம் என்பேன். கடைசிக் கூடை ஆட்டம் முடியும் மணியோடு, நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து வீசியது. அது விழாமல் போயிருந்தால் 98, இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது.

விதிநூல்:

மேலே "பகுதி" என்று சொன்னது கவனிக்க வேண்டியது. ஆண்கள் கல்லூரி ஆட்டம் என்றாலே 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி என்றுதான் பழகியிருக்கிறோம். 1951-52 முதல் 1953-54 வரையிலான மூன்று பருவங்களில் மட்டும் 10 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாக ஆடினார்கள். 1954-55இல் பழையபடி இரண்டு பாதிக்குத் திரும்பிவிட்டார்கள். செல்வியின் கல்லூரிக் காலம் அந்த மூன்று பருவங்களேதான். அவர் பகுதிவாரி எண்ணைப் பார்த்து "இது என்பிஏ கணக்கோ" என்று குழம்ப வேண்டாம்.

இன்னும் முக்கியமானது ஃப்ரீ த்ரோ விதி. 1952-53இல் ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. ஷாட் எடுக்காத நேரத்தில் விழும் சாதாரண ஃபவுலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது தவறினால் இன்னொன்று போடலாம்! விழுந்தால் அத்தோடு சரி. கடைசி மூன்று நிமிடத்தில் மட்டும் எந்த ஃபவுலாக இருந்தாலும் இரண்டு. அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதற்கு முன்பு ஃப்ரீ த்ரோ வேண்டாம் என்று சொல்லி நடுக்கோட்டில் பந்தை வாங்கிக்கொள்ளலாம், அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். ஃபவுல் விழுந்தால் கோட்டுக்குப் போயே ஆக வேண்டும். நன்றாகப் போடுகிறவருக்கு இது பெரிய வரவு.

முதலாவது விழுந்தால் மட்டுமே இரண்டாவது என்ற, நமக்குத் தெரிந்த 'ஒன் அண்ட் ஒன்' வடிவம் 1954-55இல், செல்வி கல்லூரியை விட்ட பிறகு வந்தது.

களத்தின் அளவும் வேறு. கூடைக்கு முன்னால் உள்ள மூன்று விநாடிப் பகுதி (தாக்கும் அணியின் வீரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத இடம்) அன்று கல்லூரியில் 6 அடி அகலம்தான். இன்று 12 அடி. கூடைக்கு மூன்றடி தள்ளி நின்றாலே அந்தப் பகுதிக்கு வெளியே வந்துவிடலாம். உள்ளே வெட்டி ஓடுகிறவருக்குத் தூரம் குறைவு. ஐந்தாவது ஃபவுலில் வெளியே போவது மட்டும் இன்று உள்ளதே. அந்த இரவு செல்வியைத் தடுக்க நிறுத்தப்பட்ட நியூபெரி வீரர் மூன்று நிமிடம்கூட ஆவதற்குள் ஐந்து ஃபவுலும் செய்து வெளியேறினார். நியூபெரியின் திட்டம் அங்கேயே உடைந்துவிட்டது.

நடுக்கோடு:

நன்றி. அப்படியானால் சுருக்கமாக, ஃப்ரீ த்ரோ விதிதான் 100-ஐ உண்டாக்கியது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்கோர்ஷீட்:

இல்லை, அங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றும். அந்தப் பருவம் முழுவதையும் எடுத்துப் பாருங்கள். 29 ஆட்டம், 427 கூடை, 355 ஃப்ரீ த்ரோ, மொத்தம் 1,209 புள்ளி, சராசரி 41.7. நியூபெரி ஆட்டத்தைக் கழித்துவிட்டு மீதி 28 ஆட்டத்தைப் பார்த்தால் 386 கூடை, 337 ஃப்ரீ த்ரோ. அதாவது மற்ற நாட்களில் ஆட்டத்துக்கு 14 கூடை, 12 ஃப்ரீ த்ரோ.

நியூபெரிக்கு எதிராக ஃப்ரீ த்ரோ 18. வழக்கத்தைவிட ஆறுதான் கூடுதல். கூடையோ 14-க்குப் பதில் 41, ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக அந்த இரவைச் செய்தது ஃப்ரீ த்ரோ கோடு அல்ல, களத்திலிருந்து போட்ட கூடைகள். விதியின் பங்கு தெரிவது பருவ சராசரியில்தான். ஒரு பருவத்தில் 355 ஃப்ரீ த்ரோ என்பது சாதாரண எண் அல்ல. 444 முயற்சியில் 355, அதாவது 80 சதவீதம்.

இந்த 80-ஐ இன்றைய 80-ஓடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அன்றைய விதியில் முதலாவது தவறினால்தான் இரண்டாவது முயற்சி என்பதால், தவறு நடந்த இடத்தில் மட்டும் முயற்சிகள் கூடுகின்றன. 80 சதவீதக்காரர் அந்தச் சாதாரண ஃபவுலில் ஒரு புள்ளி எடுக்கும் வாய்ப்பு 96 சதவீதம் (இரண்டும் தவறுவது 0.2 × 0.2). ஆனால் ஒரு புள்ளிக்கு மேல் கிடைக்காது. அடுத்த ஆண்டு வந்த விதியில் அதே ஆளுக்கு அதே ஃபவுலில் சராசரி 1.44 புள்ளி (0.8 + 0.64). அதனால் "செல்விக்கு விதி அள்ளிக் கொடுத்தது" என்று சொல்கிறவர்கள் ஆண்டைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். அள்ளிக் கொடுத்த விதி அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொன்று. அந்த 100-ஐத் தூக்கி எறிந்துவிட்டாலும் மீதி 28 ஆட்டத்தில் 1,109 புள்ளி, சராசரி 39.6. ஒரு நல்ல இரவு மட்டும் உள்ள ஆளாக இருந்தால் இந்த எண் சரிந்திருக்கும். சரியவில்லை. முந்தைய பருவத்திலும் 29.5 சராசரியோடு அவர்தான் நாட்டில் முதலிடம். மூன்று பருவமும் சேர்த்து 78 ஆட்டத்தில் 2,538.

கிழக்குக்கரை:

கூடை எப்படி 41 ஆனது என்பதில் பயிற்சியாளரின் முடிவைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆட்டத்தை 'ஃபிராங்க் செல்வி இரவு' என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். கார்பினிலிருந்து குடும்பத்தினரும் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். மகன் கல்லூரி ஆட்டம் ஆடுவதை அவருடைய அம்மா நேரில் பார்த்தது அன்றுதான் முதல்முறை. தென் கரோலினாவில் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான முதல் கூடைப்பந்து ஆட்டமும் அதுவே. பந்தை அவருக்கே கொடுங்கள் என்பது அணிக்கு வெளிப்படையான உத்தரவு.

உத்தரவு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பந்தும் ஒருவருக்கே போகும் என்று தெரிந்தால் எதிரணி இரண்டு பேரை, மூன்று பேரை அவர்மேல் விடும். அப்போது இன்னொருவர் போட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அணி முடங்கும். ஃபர்மனில் அந்த இன்னொருவர் டேரல் ஃபிளாய்டு. அன்று 25 எடுத்தார். 149இல் இவர்கள் இருவரையும் கழித்தால் மற்ற எல்லோருக்கும் சேர்த்து 24தான். ஃபிளாய்டு லேசான ஆள் அல்ல. செல்வி போன பிறகு 1955, 1956 இரண்டு பருவங்களிலும் நாட்டின் முதல் ஸ்கோரர் அவரே. அதாவது 1953 முதல் 1956 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு அந்த இடம் ஒரே சிறிய கல்லூரியில் இருந்தது. ஃபர்மன் பற்றிப் பேசும்போது இது ஏன் அதிகம் வெளியே வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செல்வி 6 அடி 3 அங்குலம், கார்டு (கூடைக்குத் தள்ளி நின்று ஆடுகிறவர்). கூடைக்கடியில் நின்று கைநீட்டிப் போடுகிற உயரமான சென்டர் அல்ல. இரு கைகளால் நின்று போடும் செட் ஷாட் இன்னும் பரவலாக இருந்த காலத்தில் ஓட்டத்திலேயே நின்று எழும்பி ஒரு கையால் போடும் ஜம்ப் ஷாட் அவருடையது. செட் ஷாட் போடக் காலை ஊன்ற இடமும் நேரமும் வேண்டும், தடுக்க வரும் காப்பாளர் ஒரு கை தூரத்தில் வந்தால் அது செத்தது. ஜம்ப் ஷாட்டுக்கு அந்த இடம் தேவையில்லை. 36 விநாடிக்கு ஒரு ஷாட் என்ற வேகத்துக்கு உடலை ஈடுகொடுக்க வைத்தது அதுதான்.

விதிநூல்:

பெவோ ஃபிரான்சிஸ் கேள்விக்கு வருகிறேன். ஓஹியோவின் ரியோ கிராண்டே கல்லூரிக்காக 1954 பிப்ரவரி 2 அன்று ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக 113. 38 கூடை, 37 ஃப்ரீ த்ரோ. செல்வியின் 100-க்குப் பதினொரு நாள் முன்பு. மேலே சொன்ன ஒப்பீட்டை இங்கே வைத்துப் பாருங்கள், பெவோவின் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு கோட்டிலிருந்து வந்தது.

அவர் 1953 ஜனவரியில் ஆஷ்லண்ட் ஜூனியர் கல்லூரிக்கு எதிராக 116-ம் எடுத்திருக்கிறார். ஆனால் நான்காண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கு எதிரான ஆட்டம் மட்டுமே செல்லும் என்று பிறகு முடிவெடுத்ததால் அது கணக்கில் இல்லை. இணையத்தில் 116, 113 இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

ரியோ கிராண்டே சிறு கல்லூரிப் பிரிவு, ஃபர்மன் பெரிய கல்லூரிப் பிரிவு. அதனால் இரண்டும் இரண்டு பட்டியல். 'டிவிஷன் ஒன்று' என்ற பெயரே 1973இல்தான் வந்தது. 1954 ஆட்டத்துக்கு அந்தப் பெயரைப் போடுவது பின்னாளில் ஒட்டியது என்று தெரிந்தே படிக்க வேண்டும். அப்படிப் போட்டால் அந்தப் பிரிவு வீரர் எடுத்த ஒரே 100 இதுதான். சிறு கல்லூரிகளில் கிரின்னல் கல்லூரியின் ஜாக் டெய்லர் 2012இல் 138 எடுத்தார், 108 ஷாட், அதில் 71 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. அது வேறு விளையாட்டு என்றே சொல்லலாம்.

இதில் செல்விக்குப் பாதகமான ஒன்றையும் நேர்மையாக எழுத வேண்டும். நியூபெரி சிறிய கல்லூரி, ஃபர்மனுக்கு இணையான எதிரணி அல்ல. இரு அணிகளும் இன்றைய டிவிஷன் ஒன்று தரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் முதலிடம் 1991இல் கெவின் பிராட்ஷா எடுத்த 72. அடுத்து 1970இல் பீட் மாராவிச் அலபாமாவுக்கு எதிராக எடுத்த 69. பட்டியலைப் பார்க்கும்போது தலைப்பில் எதிரணி நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கிழக்குக்கரை:

எதிரணி பற்றிப் பேசும்போது இதையும் சேர்க்கிறேன். அன்று தென் கரோலினாவில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த ஆட்டத்துக்கு மூன்று மாதம் கழித்து, 1954 மே 17 அன்று. ஃபர்மனில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது 1965இல். செல்வி 100 எடுத்த அதே பருவத்தில் சான் பிரான்சிஸ்கோ கல்லூரியில் கறுப்பின வீரரான பில் ரசல் ஆடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒரு காப்பாளரைச் செல்வி தன் மாநிலக் களத்தில் சந்திக்க வாய்ப்பே இல்லை. இது செல்வி செய்த தவறு அல்ல, ஆனால் அந்தக் காலத்துத் தென்மாநில எண்களைப் படிக்கும்போது மறக்கக் கூடாதது.

பழைய ஸ்கோர்ஷீட்:

என்பிஏ பகுதி. என்பிஏ அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் 1954 தேர்வில் முதல் பெயரே செல்வி, எடுத்தது பால்டிமோர் புல்லட்ஸ். அந்த அணி பணமில்லாமல் நவம்பர் 27 அன்று, பருவம் தொடங்கி 14 ஆட்டத்திலேயே மூடப்பட்டது. வீரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன. செல்வி மில்வாக்கி ஹாக்ஸ் அணிக்குப் போனார். அதே ஆண்டுத் தேர்வில் இரண்டாவது பெயரான பாப் பெட்டிட்டும் அங்கேதான் இருந்தார்.

தொழில்முறை ஆட்டத்தில் மூன்று விநாடிப் பகுதி ஏற்கெனவே 12 அடி. 24 விநாடி ஷாட் கிளாக் அறிமுகமானதும் அதே பருவத்தில். அணி கலைந்து, களமும் கடிகாரமும் மாறிய அந்த ஆண்டில் அவர் எடுத்த சராசரி 19.0, பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியிலும் இடம். ஆகவே "கல்லூரியோடு முடிந்தவர்" என்பது சரியல்ல. உடைந்தது அடுத்த ஆண்டில். ராணுவப் பணிக்குப் போனார், இருபத்து மூன்று, நான்கு வயது அங்கே கழிந்தது. திரும்பியபின் ஹாக்ஸ், மினியாபோலிஸ், நியூயார்க், சிரக்யூஸ் என்று அலைச்சல். ஒரு ஸ்கோரருக்கு ஷாட் கிடைப்பது அணி அவரை நம்பித் திட்டம் போடும்போதுதான். நடுப்பருவத்தில் வந்து சேரும் ஆளுக்கு யாரும் அப்படித் திட்டம் போடுவதில்லை.

மினியாபோலிஸிலிருந்து லேக்கர்ஸ் அணி 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. ஆனால் அங்கே பெரிய ஸ்கோரர்களான எல்ஜின் பெய்லரும் ஜெரி வெஸ்ட்டும் இருந்தார்கள். மூன்றாவது கையாக 1961-62இல் 14.7 சராசரி, மறுபடியும் ஆல்-ஸ்டார். 1964 வரை ஆடினார். மொத்தம் 565 ஆட்டம், சராசரி 10.8.

நடுக்கோடு:

1962 இறுதிச் சுற்றில் செல்வி தவறவிட்ட அந்த ஷாட்?

பழைய ஸ்கோர்ஷீட்:

1962 ஏப்ரல் 18, பாஸ்டன் கார்டன் அரங்கம், பாஸ்டனுக்கு எதிரான என்பிஏ இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடத்தில் லேக்கர்ஸ் 96-100 என்று பின்னால். அடுத்தடுத்து இரண்டு கூடை போட்டு 100-100 ஆக்கியவர் செல்வி. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். ஐந்து விநாடி மிச்சம். பெய்லருக்கும் வெஸ்ட்டுக்கும் வழி அடைபட்டிருந்தது. லேக்கர்ஸின் ராட் ஹண்ட்லியிடம் பந்து வந்தது, அவர் இடப்பக்கம் அடிக்கோட்டுக்கு அருகே காலியாக நின்ற செல்விக்குக் கொடுத்தார். பாஸ்டனின் பாப் கூசி தடுக்க ஓடிவந்து எழும்பினார். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது, அப்போது பாஸ்டனில் ஆடிய பில் ரசல் பிடித்தார். அன்று அவர் பிடித்த 40 ரீபவுண்டில் அதுவும் ஒன்று. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 110-107.

இந்தத் தவறிய ஷாட்டுக்கு முந்தைய இரண்டு கூடைகளையும் சேர்த்துத்தான் அந்த நிமிடத்தை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், தவறவிட ஒரு ஷாட்டும் இருந்திருக்காது. இறுதிச் சுற்றில் லேக்கர்ஸ் பாஸ்டனை வெல்ல 1985 வரை ஆனதால் ஆண்டுக்கு ஆண்டு அந்த ஒரு ஷாட்டின் எடை கூடிக்கொண்டே போனது.

கிழக்குக்கரை:

அதற்கு ஏழு வாரம் முன்பு, 1962 மார்ச் 2 அன்று, வில்ட் சேம்பர்லின் ஹெர்ஷி நகரில் ஒரு என்பிஏ ஆட்டத்தில் 100 எடுத்தார். 63 ஷாட்டில் 36, ஃப்ரீ த்ரோ 32இல் 28. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் செல்வி ஷாட் மூன்று கூடுதல், கூடை ஐந்து கூடுதல், ஃப்ரீ த்ரோ பத்து குறைவு. ஆட்ட நேரம் 48 நிமிடத்துக்குப் பதில் 40.

செல்வி 1966 முதல் 1970 வரை ஃபர்மனுக்கே பயிற்சியாளராக இருந்தார். பிறகு பயிற்சித் தொழிலை விட்டு ஒரு காகித நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2024 ஆகஸ்டில், 91 வயதில் தென் கரோலினாவிலேயே காலமானார். ஆட்டம் நடந்த டெக்ஸ்டைல் ஹால் இன்று இல்லை, 1992இல் இடித்துவிட்டார்கள். நெசவு இயந்திரக் கண்காட்சிக்காகக் கட்டிய கூடம் அது.

நடுக்கோடு:

எல்லோருக்கும் நன்றி. பகுதிவாரி எண்களையும், நியூபெரி ஆட்டத்தைக் கழித்த 39.6 சராசரியையும் குறித்துக்கொண்டேன். விதிநூல் ஐயா, 1952-53 ஃப்ரீ த்ரோ விதி இரண்டு பருவம் மட்டும்தானே இருந்தது?

விதிநூல்:

ஆம், 1952-53, 1953-54 இரண்டே பருவம். செல்வி நாட்டின் முதல் ஸ்கோரராக இருந்ததும் அந்த இரண்டில்தான். அந்த இரண்டு ஆண்டுகளின் ஃப்ரீ த்ரோ சதவீதத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஆண்டுகளோடு கலக்காதீர்கள்.